முப்பத்தாறு இன்ச் வயிறு

“இது யாரோட வயிறு?” என்று கேட்டார் மாஸ்டர்.

“என்னோடதுதான் மாஸ்டர்,” என்றார் ஸ்டூலின் மேல் நின்றவர்.

“நேத்து இங்க நின்னது வேற வயிறு. இதுக்குப் பட்டனே எட்டல. காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணும் சாப்பிடல. ராத்திரி சாப்பிட்ட கிழங்குதான். அது இன்னும் உள்ளே உட்கார்ந்து பேசிட்டிருக்கு.”

“மருமகளே, டேப்பைப் பிடி,” என்றார் மாஸ்டர், குண்டூசிப் பெட்டியோடு பக்கத்தில் நின்ற பெண்ணிடம்.

அவள் பிடித்தாள். மெல்லச் சொன்னால் அளவும் குறைந்துவிடும் என்பதுபோல், “முப்பத்தேழரை,” என்றாள்.

“சத்தமா சொல்லு.”

“முப்பத்தேழரை மாஸ்டர்.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் அவர் செய்கிற வேலை அது.

“பொம்மைக்கு விலை கேட்டிருக்கேன். முதலாளி கேக்கச் சொன்னார்.”

“எந்தப் பொம்மை?”

“அளவுப் பொம்மை. இடுப்பு முப்பத்தாறு. காலையிலயும் முப்பத்தாறு, சாயந்தரமும் முப்பத்தாறு.”

“பொம்மை சாப்பிடாதே மாஸ்டர்.”

“அதனாலதான் கேட்டிருக்கேன்.”

ஸ்டூலில் நின்றவர் அவளுடைய அம்மாவின் அண்ணன். அவர் “மருமகளே, மருமகளே” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சாம்பிள் செக்‌ஷன் முழுக்க அவளுக்கு மருமகள் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவருக்கு அதைவிட விசித்திரமான பெயர்: முப்பத்தாறு. வாசலில் இருக்கும் காவல்காரர்கூட “என்ன முப்பத்தாறு, இன்னிக்கு லேட்டா?” என்றுதான் கேட்பார்.

பெயருக்கேற்ற வேலை. அந்தத் தொழிற்சாலையில் புது மாதிரி பேண்ட் எது தைத்தாலும் முதல் சாம்பிளை மாமாதான் போட்டுக்கொண்டு ஸ்டூலில் நிற்பார். மாஸ்டர் சுற்றிவந்து பார்ப்பார். எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று சொல்லச் சொல்ல, மருமகள் சாக்கால் கோடு போட்டுக் குண்டூசி குத்துவாள். அந்தத் திருத்தம் காகிதப் பேட்டர்னுக்குப் போகும். பேட்டர்ன் கீழே கட்டிங்குக்குப் போகும். அப்புறம் ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளுவார்கள். எங்கோ முகம் தெரியாத ஒருவர் நாற்காலியில் உட்காரும்போது பட்டன் தெறிக்காமல் இருந்தால் அதற்கு மாமாவின் வயிறுதான் பொறுப்பு. மாமா அதை அப்படித்தான் நினைத்தார். கடைத்தெருவில் யாராவது நல்ல பேண்ட் போட்டுப் போனால், “நம்ம வயிறு போகுது பாரு,” என்பார்.

ஸ்டூலில் நிற்கிற நேரம் முழுக்க அவர் வாய் மூடமாட்டார். “தொடையில இழுக்குது, பின்னாடி காத்து வாங்குது” என்று வேலைப் பேச்சு பாதி. மீதி பாதி ஊர்க்கதை. சிரிப்பை அடக்கிக்கொண்டு குண்டூசி குத்துவதுதான் மருமகளின் வேலையில் கடினமான பகுதி.

ஒரே ஒரு குறை. அவருக்குச் செரிக்காது. எதைச் சாப்பிட்டாலும் வயிறு ஊதிக்கொள்ளும், ஏப்பம் வரும், நெஞ்சைக் கரிக்கும். மதியத்துக்கு மேல் அவர் முப்பத்தெட்டு. அதனால் ஃபிட்டிங் எல்லாம் காலையில்தான் என்று தொழிற்சாலையே அவர் வயிற்றை அனுசரித்து நடந்தது. இப்போது காலை வயிறும் கைவிட்டுவிட்டது.

அன்று வீட்டில் மாமா தட்டைத் தள்ளி வைத்தார். மருமகள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள்.

“எனக்கு வேண்டாம். பொம்மை சாப்பிடாது, நானும் சாப்பிடல.”

“பட்டினி கிடந்தா வயிறு குறையும், வாயு குறையுமா?” என்றாள் அத்தை. “டாக்டர்தான் புண் இல்ல, கட்டி இல்ல, வெறும் வாயுதான்னு சொல்லிட்டாரே. நாளைக்கு என்கூட யோகா கிளாஸுக்கு வாங்க.”

“முட்டி வலிக்குப் போற இடத்துல வயித்துக்கு என்ன இருக்கு?”

“அங்க ஒருத்தர் வயித்த உள்ளே இழுத்துக்கிட்டு நிக்கிறார். முதுகெலும்பே முன்னாடி தெரியும்போல இருக்கு. உங்கள மாதிரி தொந்தியோட வந்தவர்தானாம்.”

“எனக்கென்னடி தொந்தி? தொழில் பண்ற வயிறு இது.”

ஆனால் போனார். செருப்புக்கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. டீச்சர் சின்னப் பெண். ரத்தக் கொதிப்பு உண்டா, இதயக் கோளாறு உண்டா, குடலிறக்கம் உண்டா, வயிற்றில் ஆபரேஷன் ஆனதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வாங்கிய பிறகுதான் அவரை நிற்க வைத்தாள். அந்தப் பயிற்சிக்கு அக்னிசாரம் என்று பெயர் சொன்னாள். காலையில் வெறும் வயிற்றில் செய்ய வேண்டும். காலை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கைகளைத் தொடையில் ஊன்றிக் குனிய வேண்டும். மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட வேண்டும். திரும்ப இழுக்காமல், அந்த வெற்று நிலையிலேயே வயிற்றை உள்ளே இழுத்து விட வேண்டும்; இழுத்து விட வேண்டும், துருத்தி ஊதுகிற மாதிரி. மூச்சு முட்டுவதற்கு முன்பே நிறுத்தி, நிதானமாகக் காற்றை உள்ளே வாங்க வேண்டும்.

முதல் நாள் அவர் வயிறு அசையவே இல்லை. தோள் அசைந்தது, புருவம் அசைந்தது, காதுகூட அசைந்தது.

“வயிறு சார், வயிறு,” என்றாள் டீச்சர்.

“சொல்லிப் பார்த்துட்டேம்மா. கேக்க மாட்டேங்குது.”

வீட்டில் அத்தை விடவில்லை. விடிந்ததும் சமையலறையிலிருந்து அவள் குரல் வரும்: “மூச்ச விடுங்க.” கூடத்தில் மாமா குனிவார். மறுபடியும் “மூச்ச விடுங்க.” மறுபடியும் குனிவார். ஒரு வாரம் அது வெறும் கூத்தாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காலையில் வயிறு தானாக ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது. மாமா அப்படியே நிமிர்ந்தார். “மருமகளே, ஓடி வா, பார்த்தியா? என் பேச்சக் கேட்டுச்சு,” என்றார். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாயில் நுரையோடு ஓடிவந்தாள். அவர் செய்து காட்டினார். வரவில்லை. திரும்பச் செய்தார். வந்தது. மூன்று பேரும் அதை ஒரு குழந்தை எடுத்து வைத்த முதல் அடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. டீச்சர் சொன்னபடி இரவுச் சாப்பாட்டை இருட்டுவதற்குள் முடித்தார், மென்று தின்றார், சாப்பிட்டதும் படுக்காமல் தெருவைச் சுற்றிவந்தார். ஏப்பம் நின்றது. ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, பரிசு விழுந்த ஆள்மாதிரி அறிவித்தார்: “எனக்குப் பசிக்குது.” அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாக்கியத்தை அவர் சொல்லி அவள் கேட்டதில்லை.

சரியாக அப்போதுதான் அந்தப் புதுத் துணி வந்தது. இழுத்தால் நீண்டு கொடுக்கிற துணி. வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வந்த மெயிலை மருமகள்தான் மாஸ்டருக்குப் படித்துச் சொன்னாள்: துணி புதிது, அளவுப் பட்டியல் கிடையாது, உங்கள் ஆளின் உடம்பில் போட்டுப் பார்த்துச் சரிசெய்து உடனே வெட்டத் தொடங்குங்கள்.

“இந்த ஒரு ஃபிட்டிங் பார்ப்போம்,” என்றார் மாஸ்டர். “முதலாளி பொம்மை பத்தி இன்னிக்கு பதில் கேட்டிருக்கார். இது சரியா வந்தா நானே வேண்டாம்னு சொல்லிடறேன்.”

மாமா புதுச் சாம்பிளைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். மாஸ்டர் இடுப்பருகே குனிந்து, எப்போதும் சொல்வதைச் சொன்னார்: “மூச்ச விட்டு நில்லுங்க.”

பேண்ட் தொளதொள என்று தொங்கியது.

“பாத்தியா, துணி இப்படிக் கொடுக்குது. மூச்ச விடுங்க. இந்தப் பக்கம் ஒரு இன்ச் எடு. மூச்ச விடுங்க. அந்தப் பக்கமும் எடு.”

மருமகள் எடுத்தாள், குத்தினாள், கோடு போட்டாள். மாமா நேர்ப்பார்வையோடு கம்பீரமாக நின்றார். மாஸ்டருக்குப் பரம திருப்தி. பேட்டர்ன் திருத்தப்பட்டுக் கட்டிங்குக்கு இறங்கியது.

மதியச் சாப்பாட்டின்போது மாமா ஒரு கதை ஆரம்பித்தார். காவல்காரர் தன் வீட்டுச் சாவியை உள்ளே வைத்தே பூட்டிவிட்டு, சொந்த வீட்டுச் சுவரேறிக் குதித்த கதை. மருமகள் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்தினாள்.

“இதை ஏன் மாமா ஸ்டூல்ல சொல்லல?”

“சொல்லணும்னுதான் வந்தேன். என்னமோ, பேச்சே வரல.”

“நீங்க ஒரு வார்த்தைகூடப் பேசல.”

“அப்படியா?”

“மாமா, எழுந்து நில்லுங்க.” அவள் அத்தையின் குரலில் சொன்னாள்: “மூச்ச விடுங்க.”

மாமாவின் வயிறு காணாமல் போனது. சாப்பாடு உள்ளே கிடந்ததால் முழுவதும் போகவில்லை. ஆனாலும் சட்டை முன்பக்கம் கொடியில் காயப் போட்ட மாதிரி தொங்கியது.

“மாமா, உள்ளே இழுத்திருக்கீங்க.”

“நான் எங்க இழுத்தேன்? சும்மாதான நிக்கிறேன்,” என்று சொல்ல வாயைத் திறந்தார். மூச்சை வாங்கினால்தான் பேச்சு வந்தது. மூச்சு வந்ததும் வயிறும் வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துணி கொடுக்கவில்லை. வயிறுதான் ஒளிந்துகொண்டிருந்தது. இரண்டு இன்ச் குறைவான பேண்டை முப்பத்தாறு என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வெட்டப்போகிறார்கள்.

ஓடினார்கள். கட்டிங் இரண்டு மாடி கீழே. முதல் திருப்பத்திலேயே மாமா அவளைத் தாண்டிப் போய்விட்டதை அவள் கண்டாள். அரை மாடி ஏறினாலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் அவர். கீழே நீள மேஜையில் துணியை ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி, மேலே பேட்டர்னை விரித்து, துணி வெட்டுகிறவரான கட்டர் தன் மிஷினை ஓடவிட்டிருந்தார். பிளேடு துணியின் ஓரத்தில் நுழைந்துகொண்டிருந்தது. மாமா கத்தியது மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் நேரே போய் அடுக்கின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துவிட்டார்.

“யோவ், கைய எடுய்யா, விரல் போயிடும்,” என்று கட்டர் அலறினார்.

மருமகள் சுவரில் இருந்த பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தாள். மாடி முழுக்கச் சத்தம் அடங்கியது. இவ்வளவு காலமும் அங்கே யாரும் அவள் குரலை உரக்கக் கேட்டதில்லை. “வெட்டாதீங்க,” என்றாள். “அளவு தப்பு.”

மாஸ்டர் படியிறங்கி வந்து சேர்ந்தார். கதையைக் கேட்டார். வெட்டுப்பட்டது ஓரத் துணிதான் என்று கையால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

“பொம்மைக்கு யோகா தெரியாது,” என்றார் துடைத்துக்கொண்டே. “இன்னிக்கே வரச் சொல்லிடறேன்.”

“சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒருதடவை என்னை அளந்துடுங்க,” என்றார் மாமா.

“இப்பவா? சாப்பிட்டு வந்திருக்கீங்க.”

“சாப்பிட்டுத்தான் வந்திருக்கேன். பருப்பு, முட்டை, ரெண்டு தட்டு. அளங்க.”

மதியத்துக்கு மேல் அந்த வயிற்றை அளப்பதை எல்லோரும் எப்போதோ விட்டிருந்தார்கள். கட்டிங் ஆட்கள் மேஜையைச் சுற்றி நெருங்கினார்கள். மாஸ்டரே டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினார். “மூச்ச...” என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாமா இழுக்கவில்லை என்று எப்படி நம்புவது? எல்லோர் முகத்திலும் அந்தக் கேள்வி இருந்தது. மருமகள் சட்டென்று கேட்டாள்: “மாமா, நீங்க ஸ்டூல்ல முதல்ல ஏறினது எப்படி?”

“அதையேன் கேக்கிற. நான் மூட்டை தூக்கத்தான் இங்க வந்தேன். அன்னிக்கு ஸ்டூல் ஆள் சண்டை போட்டுட்டுப் போயிட்டான். இதே மாஸ்டர், அப்ப தலை நிறைய முடி, ‘நீ வாடா, இதப் போட்டு ஏறு’ன்னார். ஏறினேன். ரெண்டு பக்கமும் பாக்கெட்டுல கைய விட்டுத் துழாவுறாங்க. ஆழம் பாக்குறாங்கன்னு எனக்கென்ன தெரியும்? எதையோ திருடிட்டேன்னு சோதனை போடுறாங்கன்னு நெனச்சு, ‘நான் எதையும் எடுக்கல சார்’னு அழுதுட்டேன். அழுதா இடுப்பு ஆடுமில்ல, ‘அழாதடா, அளவு தப்புது’ன்னு இவர் கத்துறார்...”

கட்டர் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மாஸ்டருக்கும் உதடு துடித்தது.

“சிரிக்க வைக்காதீங்கய்யா, டேப் ஆடுது.” அவர் குனிந்து பார்த்தார். எதிர்ப்பக்கம் போய் மறுபடி சுற்றிப் பார்த்தார். டேப்பை மருமகளிடம் நீட்டினார். “நீ படி. சத்தமா.”

“முப்பத்தாறு,” என்றாள். மாடியின் கடைசி மேஜைவரை அது கேட்டது.

மாஸ்டர் டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். “பேட்டர்னை மேல கொண்டு வாங்க. திரும்ப ஃபிட்டிங். மதியத்துக்கு மேல ஃபிட்டிங் பண்றது எனக்கே புதுசு,” என்றார். கட்டர் பொம்மையைப் பற்றிக் கேட்டதற்கு, “அது எங்கயும் ஓடிப்போகாது, கடையிலயே நிக்கட்டும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினார்.

மாமாவும் மருமகளும் அவருக்குப் பின்னால் ஏறினார்கள். திருப்பத்தில் மாமா நின்றார். மூச்சு வாங்குவதற்காக அல்ல.

“மருமகளே, இனிமே ஸ்டூல்ல நான் ஏறினா நீ ஏதாவது கேட்டுக்கிட்டே இரு, சரியா? நான் பாட்டுக்கு நின்னா இது ஒளிஞ்சுக்கும்.”

“சரி மாமா.”

“இந்த அழுத கதையைத் திரும்பக் கேக்காத. அதுதான் இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேக்காதது எதையாவது கேளு.”