மிஸஸ் கெர் வீட்டு மாடி அறை

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் 'குளிரில் மூளை கலங்கிவிட்டது' என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். 1932 டிசம்பரில், எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, நல்ல புத்தியோடு நான் என் கண்ணால் பார்த்தது இது.

என் பெயர் இக்னேஷியஸ். மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். எடின்பரோவில் தங்க இடம் தேடி அலைந்தபோது, கதவைத் திறந்தவர்கள் என் நிறத்தைப் பார்த்ததும் "அறை வாடகைக்குப் போய்விட்டது" என்றார்கள். 'அறை காலி' என்ற அட்டை அவர்கள் ஜன்னலிலேயே தொங்கும்! கடைசியில் மிஸஸ் கெர் என்ற கிழவி சேர்த்துக்கொண்டாள். வேறு ஆள் கிடைக்காததால்தான். நான் குடிக்கும் கோப்பையைத் தனியாக வைத்தாள். நான் தொட்ட கைப்பிடியை என் முன்னாலேயே துடைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டாவது வாரம் ஆரம்பித்தாள்.

"உன் நண்பனை வெளியே அனுப்பு. அறை ஒருவனுக்குத்தான்."

"எனக்கு இங்கே நண்பனே கிடையாது."

"பொய்! நீ காலேஜுக்குப் போனதும் மேலே நடக்கிறானே, அவன் யார்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. என்னைத் துரத்தச் சாக்குத் தேடுகிறாள் என்றுதான் நினைத்தேன். மாடிப்படியில் ஈரக் கால் தடங்களைப் பார்த்தபோதும் அவளைத்தான் சந்தேகித்தேன். ஏறும் தடங்கள் மட்டும் இருந்தன. இறங்கும் தடங்கள் இல்லை. ஒரு நாள் என் போர்வையின் ஓரம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கீழே போய்க் கத்திவிட்டு வந்தேன்.

இன்னொரு நாள் பனி கொட்டியது. மாலை மூன்றரைக்கே இருட்டிவிட்டது. நான் வகுப்பு முடிந்து வந்தபோது கிழவி படியடியில் நின்றாள்.

"மேலேதான் இருக்கிறான். இப்போதே வா, காட்டுகிறேன்."

"வாங்க! நானும் பார்க்கிறேன்!"

கோபத்தில் இரண்டிரண்டு படியாக ஏறினேன். கதவைத் தள்ளினேன். யாரும் இல்லை. கணப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அறை... ஐஸ் பெட்டிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

"எங்கே ஆள்?" என்று திரும்பினேன்.

கிழவி என்னைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த மூலையைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நீயா...? இடமில்லை என்று அன்றைக்கே சொன்னேனே..."

டக்... டக்... டக்...

குளிரில் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம். அந்த மூலையிலிருந்துதான்.

பிறகு ஒரு குரல். தமிழ்!

"அண்ணே... கதவ சாத்தாதீங்க லா... வெளிய நிக்க முடியல..."



"யா... யாரு?"

"கிள்ளான்... நாகையா மகன்... பாலன்..."

கிழவி அலறிக்கொண்டு இறங்கினாள்.

மூலையில் யாருமில்லை.

தரையில் மட்டும்...

பனித்தண்ணீர்.

அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன். பிப்ரவரியில் வகுப்புத் தோழன் ஒருவன் செய்தி சொன்னான். மிஸஸ் கெர் தன் வீட்டு வாசற்படியிலேயே விறைத்துச் செத்துக் கிடந்தாளாம். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்ததாம். போலீஸ் உடைத்து உள்ளே போனால், ஒரு ஜீவன் இல்லை. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

படிப்பு முடிந்து ஊர் திரும்பியதும் கிள்ளானுக்குப் போய் நாகையாவைத் தேடிக் கண்டுபிடித்தேன். மாடு வைத்துப் பால் விற்றவர். மாடுகளை விற்றுத்தான் மகனை அனுப்பியிருக்கிறார். கொட்டகை காலியாகக் கிடந்தது.

"உங்க மகன் எப்படிங்க ஐயா இறந்தாரு?"

"ரூம்பு தரேன்னு எழுதியிருந்தா ஒரு வெள்ளக்காரி. நேர்ல மொகத்தப் பாத்ததும் கதவ சாத்திட்டா. ஊருக்குப் புதுசு, எங்க போவான்? கொட்டுற பனியில விடிய விடியக் கதவத் தட்டியிருக்கான். அந்தப் படியிலயே..." அவர் குரல் நடுங்கியது. துக்கத்தில் இல்லை. ஆத்திரத்தில்.

நான் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அந்த வீட்டைப் பற்றியோ கிழவியைப் பற்றியோ ஒரு வார்த்தைகூட.

"ஆறு வருஷமா கனவுல வெளியிலதான் நின்னான் தம்பி, நடுங்கிக்கிட்டு. முப்பத்திமூணாம் வருஷம் பிப்ரவரியிலதான் சிரிச்சிக்கிட்டு வந்தான். 'உள்ள வந்துட்டேன்ப்பா, தாழ்ப்பாளும் போட்டுட்டேன்'னு சொன்னான்."