தலைகீழாகக் கிடந்த ஜீப்பின் பிரேக்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் பிரேக்கைப் பற்றிப் பேசப்போகிற தோரணையைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தேன். எங்கள் வீட்டு ஜீப்பை ஓட்டியவள் என் மனைவி.

அது என் மாமனார் ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். பதினெட்டு வயதில் பெசன்ட் நகர் தெருக்களில் அவள் ஓட்டிப் பழகியது அதில்தான். கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் எங்கள் வீட்டுக்கு வந்து, வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டது. அவள் பிசியோதெரபிஸ்ட். மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர்கள் என்று வீடு வீடாகப் போய் நடக்கவைப்பாள். காலையில் மயிலாப்பூர், மத்தியானம் கோட்டூர்புரம், சாயங்காலம் பெசன்ட் நகர், வாரத்தில் இரண்டு நாள் ஆதம்பாக்கம். வண்டியின் பின்னால் இரண்டு வாக்கர், மணல் பைகள், மடக்கு பெஞ்சு. செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலால்தான் ஓட்டுவாள்.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில், கோட்டூர்புரம் பாலத்திலிருந்து இறங்கி, தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்திருக்கிறாள். எதிரே ஒரு பெண் தன் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். இவள் பிரேக்கை மிதித்தாள். பிடிக்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி நின்றபோது, அந்தக் குழந்தை பம்பரைத் தொடுகிற தூரத்தில் இருந்ததாம்.

"முழு பலத்தோட அழுத்தறேன். அது பாட்டுக்கு வழுக்கிண்டு போறது. அந்தக் கொழந்தை என்னைப் பார்த்து சிரிச்சுது" என்றாள். வீட்டுக்கு ஆட்டோவில்தான் வந்தாள். "இனிமே அந்த பெடல்ல கால வைக்க மாட்டேன். வித்துடுங்கோ."

அதற்கப்புறம் ஒரு மாதம் ஆட்டோ. வாக்கர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாதி ஆட்டோக்காரர்கள் நிற்கவே மாட்டார்கள். ஏழு வீடு போய்க்கொண்டிருந்தவள் மூன்று வீட்டோடு நிறுத்திக்கொண்டாள். ஆதம்பாக்கத்துப் பெரியவர் ஒருவர் அவள் வந்தால்தான் கட்டிலை விட்டு இறங்குவார். அவர் வீட்டிலிருந்து போன் வந்தால் என்னைப் பேசச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். ஒரு நாள் நானும் அவளோடு ஆட்டோவில் போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் அவள் வலது கால் ஆட்டோவின் தரையை அழுத்துவதைப் பார்த்தேன். இவள் வண்டி ஓட்டுவதை விடவில்லை, பயத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவ்வளவு தைரியசாலி அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் பாய் ஒருவர் ஷெட் வைத்திருந்தார். எங்கள் ஜீப்புக்கு எப்போதும் அவர்தான்; அன்றைக்குப் பாலத்தடியிலிருந்து அதைக் கட்டி இழுத்து வந்தவரும் அவர்தான். என் வயதுதான் இருக்கும். வீட்டில் உருது, ஷெட்டில் மெட்ராஸ் தமிழ். நான் போய், பிரேக்குக்குப் புது லைனிங் போட்டுக் கொடுங்கள் என்றேன்.

"போட்லாம் சார். ஆனா பிரயோஜனம் இல்ல" என்றார். "நாலு சக்கரமும் டிரம்மு, டப்பா மாதிரி மூடிக் கெடக்கும். டிரம்முக்குள்ள தண்ணி பூந்துச்சுன்னா எந்த லைனிங்கும் வழுக்கும். புது மாடல் ஜீப்புல முன்னாடி டிஸ்க்கு கீது. திறந்து கெடக்கும், தண்ணி தங்காது. அத்தக் கழட்டி இதுல மாட்டிட்டா வேல முடிஞ்சுது."

"மாட்ட முடியுமா?"

"நான் மாட்னதில்ல. மாட்டிப் பாக்கலாம்."

செய்ததில்லை என்று இவ்வளவு நேராகச் சொன்ன மெக்கானிக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அடுத்து அவர் கேட்ட கேள்வி இன்னும் ஆச்சரியமாக இருந்தது. "மேடம் செருப்பு போட்டுக்கினு ஓட்டுவாங்களா, கழட்டிட்டா?"

கழற்றிவிட்டுத்தான் என்றேன். "அப்ப நானும் வெறுங்கால்லதான் பாக்கணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற புதுப்பேட்டைக்கு இருவரும் போனோம். விபத்தில் நசுங்கிய புது மாடல் ஜீப் ஒன்று, சக்கரம் நாலும் வானத்தைப் பார்க்க, கூரை தரையில் பட மல்லாந்து கிடந்தது. கதவும் டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் ஏற்கெனவே யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். முன் பிரேக்குகள் மட்டும் அடிபடாமல் இருந்தன. மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டரையும், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையும் பாய் கழற்றினார். புது மாடல் சிலிண்டருக்குள் முன் சக்கரத்துக்கு ஒரு அறை, பின் சக்கரத்துக்கு ஒரு அறை. ஒன்று கைவிட்டாலும் மற்றது பிடிக்கும் என்று காட்டினார். பிறகு டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர்கள் இரண்டையும் கழற்றி என் காலடியில் வைத்துவிட்டு, உளியையும் சுத்தியலையும் எடுத்தார். எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் இடது பக்கத்துக்கு ஒரு புள்ளி, வலது பக்கத்துக்கு இரண்டு புள்ளி அடித்துவைப்பது அவர் வழக்கம்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "புள்ளி கிள்ளியெல்லாம் எதுக்கு பாய், நான் எழுதறேன்" என்றேன். கணக்கு வாத்தியார் சட்டைப் பையில் சாக்பீஸ் இல்லாமலா இருக்கும்? நான் வண்டியின் முன்னால் ரேடியேட்டரைப் பார்த்து நின்றிருந்தேன். எதிரே நிற்கிறவனுக்கு இடமும் வலமும் மாறும். என் இடக்கைப் பக்கம் இருப்பது வண்டியின் வலது. இதை யோசித்தேன் என்பதோடு நிற்காமல், பாய்க்கு வேறு விளக்கினேன். "சாதாரண ஆளா இருந்தா இங்கதான் கோட்டை விட்டிருப்பான்" என்று கூடச் சொன்னதாக ஞாபகம். வேஸ்ட் துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டு, ஒன்றில் பெரிதாக 'வ', இன்னொன்றில் 'இ' என்று எழுதினேன். பாய் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

ஷெட்டில் வேலை பத்து நாள் நடந்தது. காலிப்பரை உட்கார வைக்கப் பழைய அச்சில் இடமில்லை. அட்டையில் வெட்டி அளவு பார்த்து, லேத்தில் கொடுத்து இரும்புத் தகடு செய்து வந்தார். அரை நூல் தள்ளியிருக்கிறது என்று முதல் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்தார். மண்ணெண்ணெயில் காலிப்பரைக் கழுவும்போது, என் எழுத்து இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் கழுவியதைப் பார்த்தேன். படித்தவன் எழுதியது அழியக் கூடாதாம். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டியதுதான் பாக்கி; காற்று இருந்தால் பெடல் அமுங்கிக்கொண்டே போகும். நான் பெடலை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும், அவர் சக்கரத்தருகே படுத்து, காலிப்பரிலுள்ள சின்ன நிப்பிளைத் திறந்து மூடுவார். "மிதி சார்... புடி... வுடு." ஆயில் சொட்டுச் சொட்டாக வந்தது. பிறகு அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வெறுங்காலால் அழுத்திப் பார்த்தார். பெடல் புஸ்ஸென்று உள்ளே போயிற்று.

"காத்து கீது சார். இன்னொரு தபா."

வியாழன் முழுக்கத் திட்டிக்கொண்டே மிதித்தேன். வெள்ளி சாயங்காலம் கல்லூரியிலிருந்து நேரே வந்து மிதித்தேன். முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அதோடு, ஜீப்பைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்படி என் மனைவி சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். தெரியாத வேலையில் எதற்குக் கை வைத்தீர்கள், இருந்த பிரேக்கும் போயிற்றே, இந்த அழகுக்குப் பத்து நாளா என்றெல்லாம் கேட்டேன். சந்து முழுக்கக் கேட்டிருக்கும். பாய் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "பெடலு நிக்காம மேடம் கையில வண்டியக் குடுக்க மாட்டேன் சார். நீங்க இன்னா திட்னாலும் குடுக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலையில் என்னைத் தி. நகருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல முகூர்த்த நாள். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நாலைந்து வண்டிகளுக்கு நடுவே புது மாடல் ஜீப் ஒன்று பூச்சரம் கட்டிக்கொண்டு நின்றது. பாய் டிரைவரிடம் ஏதோ சொன்னார், டிரைவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். உள்ளே கெட்டிமேளம். வெளியே பாய் ஈரத் தரையில் மல்லாந்து படுத்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். அட்சதை போட விரைந்த பட்டுப் புடவைகள் அவர் காலைத் தாண்டிப் போயின. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், வண்டியில் கோளாறா என்று என்னைக் கேட்டார். இல்லை, அழகு பார்க்கிறோம் என்று உளறினேன்.

பாய் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார். "நிப்புளு மேல கீது சார். நம்ம வண்டில கீழ கீது. காத்து மேலதான நிக்கும்? கீழ தொறந்தா ஆயிலுதான் வரும். ரெண்டு வருஷம் மிதிச்சாலும் போவாது."

"ஏன் கீழே போச்சு?"

"இடது வலதாயி, வலது இடதாயிடுச்சு." டார்ச்சை அணைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சார், அன்னிக்கு புதுப்பேட்டைல அந்த வண்டி எப்டி கெடந்துச்சு?"

 மல்லாந்து கிடந்தது. எதிரே நின்றால் ஒரு தரம் மாறும், கவிழ்ந்து கிடந்தால் இன்னொரு தரம் மாறும். இரண்டு தரம் மாறினால் மாறாததற்குச் சமம். இதைத்தான் நான் வருஷம் பூராவும் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியாதவன் தன் இடக்கைப் பக்கத்தை இடது என்று எழுதியிருந்தால் சரியாகப் போயிருக்கும். தெரிந்ததால் கெடுத்தேன். கெடுத்துவிட்டு, இரண்டு நாள் அவரைத் திட்டியிருக்கிறேன்.

பாய் ஷெட்டுக்குத் திரும்பி ஒரு மணி நேரத்தில் காலிப்பர்களை மாற்றி மாட்டினார். நாலே தரம் மிதித்தேன். நிப்பிள் வழியே காற்று புஸ்புஸ்ஸென்று வந்து, பிறகு ஆயில் சுத்தமாக வந்தது. அவர் வெறுங்காலால் அழுத்தினார். பெடல் செங்கல் மாதிரி நின்றது. கண்ணைத் திறந்து, "ஆச்சு சார்" என்றார். அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் மன்னிப்புக் கூடக் கேட்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அதற்குள் என் மனைவி வாக்கர்களும் மணல் பைகளுமாக ஒரு ஆட்டோவில் வந்துவிட்டாள். மறுநாள் வாங்க வருகிறவரிடம் என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ள வந்திருந்தாள். ஏன் இத்தனை நாள் என்று கேட்டாள்.

"நம்ம தப்பு மேடம்" என்றார் பாய். "பார்ட்ட இடம் மாத்தி மாட்டிட்டேன்."

நான் கீழே கிடந்த சக்கர நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முன் சக்கரங்கள் இன்னும் மாட்டப்படவில்லை. அவள் குனிந்து இடது பக்கத்து டிஸ்க்கைப் பார்த்தாள். நோயாளியின் முட்டியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். காலிப்பரில் என் கையெழுத்தில் பெரிதாக 'வ' இருந்தது. அதற்குப் பக்கத்தில், பாய் மாற்றி மாட்டும்போது அடித்த புதுப் புள்ளி ஒன்று. இரண்டையும் விரலால் தடவினாள். பிறகு நிமிர்ந்து, "சக்கரத்தை மாட்டுங்கோ பாய். நீங்க முன்னாடி ஏறுங்கோ" என்றாள். என்னைப் பார்த்து, "நீங்க வாக்கரோட பின்னாடி" என்றாள்.

செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினாள். பெடலில் கால் வைத்து அழுத்தினாள். எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். அவள் தோள் கொஞ்சம் இறங்கியது, அதை வாக்கர்களுக்கு நடுவிலிருந்து நான் பார்த்தேன். வண்டி கிளம்பியது.

அன்றும் காலையில் மழை பெய்திருந்தது. எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும். கோட்டூர்புரம் பாலத்திலிருந்து இறங்கியதும், முழங்கால் தண்ணீர் நின்ற ஓரத்தில் வேண்டுமென்றே விட்டாள். இரண்டு பக்கமும் தண்ணீர் பிரிந்து தெறித்தது. மேட்டில் ஏறியதும் பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, மிதித்தாள். ஜீப் நேராக, இம்மி கூடப் பக்கம் திரும்பாமல் நின்றது. நான் ஒரு வாக்கரைக் கட்டிக்கொண்டு மணல் பை மேல் விழுந்தேன். பாய் மூக்கு உறிஞ்சுவது போலச் சிரித்தார்.

அவள் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பாய், நீங்க எப்பவும் புள்ளிதானே அடிப்பேள்?"

பாய் வெளியே ஆற்றைப் பார்த்தார். ஆற்றில் பார்க்க ஒன்றுமே இல்லை.

இதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "நான்தான் எழுதினேன். நான்தான் தப்பா எழுதினேன். அவரை ரெண்டு நாள் திட்டவும் திட்டினேன். மன்னிச்சுக்கோங்க பாய்" என்றேன், மணல் பை மேல் கிடந்தபடியே.

"தெரியும்" என்றாள் என் மனைவி. "கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ. ஆதம்பாக்கத்துப் பெரியவர் காத்துண்டிருப்பார். அதுக்குள்ள இன்னொரு தரம் பிரேக் போட்டுப் பார்க்கப்போறேன்."