சித்தீக் பாயின் இடது பக்கம்

முத்துப்பேட்டை சித்தீக்குக்குப் பயம் என்று ஒன்று வந்ததே ஊர் திரும்பிய பிறகுதான். சவூதியின் மணற்காற்றில் டிரெய்லர் ஓட்டியபோது வராத பயம், தஞ்சாவூருக்கு வெளியே ஓர் அரிசி ஆலையில் வந்து பிடித்துக்கொண்டது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், இங்கே வலது பக்கம். அவ்வளவுதான்.

முன்னால் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. பின்னால் எடுக்கும்போதுதான் வினை. அங்கே இடது ஜன்னலில் தலையை நீட்டி, ஒரே மூச்சில் லோடு மேடையில் கொண்டுபோய் ஒட்டிய மனிதர். இப்போதும் தலை தானாக இடப்பக்கம் திரும்பும். அங்கே காலி சீட்டும் சாப்பாட்டுப் பையும்தான் இருக்கும். வந்த புதிதிலேயே ஆலைத் தூண் ஒன்றை உரசிவிட்டார். முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. இந்த வேலையும் போனால் மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். மகள் நஜ்மா இப்போதுதான் அத்தாவிடம் முகம் கொடுத்துப் பேசத் தொடங்கியிருந்தாள்.

அன்றைக்கு மேடையின் இடது ஓரத்தில் புது கன்வேயர் நின்றது. மூட்டைகளை வண்டிக்குள் கொண்டுபோய்த் தள்ளும் நீள பெல்ட். மாலை போட்டு, பொட்டு வைத்திருந்தார்கள்.

"பாய், அதுல ஒரு கீறல் விழுந்தா நீங்களும் இங்க இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்" என்றார் சூப்பர்வைசர் குஞ்சிதபாதம். பிறகு கன்வேயரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை ஆட்டினார். "வரலாம்... வரலாம்..."

சித்தீக்குக்கு உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. இங்கேயும் டிரெய்லர்தான்; அதன் வால் இடப்பக்கம் ஒடிய, ஸ்டியரிங்கை எதிராக வலப்பக்கம் திருப்பினார். கண்ணாடியில் கன்வேயரின் மஞ்சள் நிறம் தெரிந்தது, பெரிதானது, பிறகு காணாமல் போனது.

"வாங்க பாய், நெறைய எடம் இருக்கு!"

இருக்கலாம். ஆனால் கால் பிரேக்கை விட்டு எழ மறுத்தது. மேடையில் காத்திருந்த லோடுமேன்கள் சிரித்தார்கள். "பாய் சவூதியிலயும் இப்படித்தான் எறங்கி எறங்கி ஏறுவாரா?" மானம் போனது. போகட்டும் என்று இறங்கிப் பின்னால் நடந்தார்.

கன்வேயருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவர், அப்போதுதான் கீழே பார்த்தார்.

மேடைக்கும் வண்டியின் வாலுக்கும் இடையில் தர்மாம்பாள் குந்தியிருந்தாள். ஆலையில் கூட்டிப் பெருக்குகிறவள். மேடையடியில் சிந்தும் அரிசி கூட்டுகிறவளுக்கு என்பது அங்கே யாரும் சொல்லாமலே நடக்கும் ஏற்பாடு. வண்டி வந்து ஒட்டிவிட்டால் அரிசி அடியில் மாட்டிக்கொள்ளுமே என்று அவசர அவசரமாக முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள். ஆலை போட்ட சத்தத்தில் வண்டி வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. சித்தீக்கின் நிழல் மேலே விழுந்ததும் நிமிர்ந்தாள். முதுகுக்குப் பின்னால் இரும்பைக் கண்டாள். கையிலிருந்த முறம் நழுவியது.

சித்தீக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்" என்றார். ஓடிவந்த குஞ்சிதபாதம் வெளிறிப்போய், "ஏம்மா, ஒனக்கு அறிவிருக்கா?" என்று கத்தினார். மேடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. தர்மாம்பாள் கொட்டிய அரிசியை அப்படியே விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் மனைவி நஃபீசாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"அல்லா காப்பாத்தினான். நீங்க எறங்கிப் பாத்தீங்களே, அதுவே பெருசுங்க" என்றாள் அவள்.

"நான் மெஷினப் பாக்கத்தான் எறங்குனேன் நஃபீசா. மனுஷங்க இருப்பாங்கன்னு நெனைக்கவே இல்ல."

"மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. பழகப் பழக அந்தப் பயமும் போயிடும்" என்றாள்.

"அதுக்குத்தான் இப்பப் பயப்படுறேன்" என்றார் சித்தீக். "அந்தப் பயம் போகாம இருக்கணும்னு துஆ செய்."