தீனிப்பைச் சாட்சி

பேச்சால் நான் பெற்ற முதல் கைதட்டலுக்குக் காரணம் ஒரு கோழி.

நன்னிலத்துப் பக்கம் எங்கள் ஊர். அவ்வாண்டு சம்பா அறுப்புக்குப் பெரிய பண்ணையார் அறுவடை இயந்திரத்தை இறக்கப்போவதாக அறிந்ததும், அரிவாளை நம்பிய எங்கள் தெரு மறியலில் அமர்ந்தது. ஏழைகளின் ஆட்சி என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. எங்கள் பானைகளில் நெல் இல்லை. கூலி நெல்லில் சிந்தியதைப் பொறுக்கி வளர்ந்த கோழிகள் வைக்கோலைக் கிளறின. எங்கள் செவலைக் கோழி பருக்கையை நீட்டினாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. ஆனால் அதன் கழுத்தடியில் தீனிப்பை புடைத்திருந்தது.

"எம்புள்ளை பங்குலேருந்து எடுத்துத் தர்றேன், தின்னேன்டி" என்று அம்மா கெஞ்சினாள்.

பின்னாளில் கல்லூரியில் படித்தேன்: பட்டினி கிடக்கும் மனிதனின் இரைப்பை ஓர் இயக்குநீரைச் சுரந்து, உண்ணுமாறு மூளையைத் தூண்டுகிறது. கோழிக்கும் அதே இயக்குநீர் சுரக்கிறது. அங்கோ அது பசியை அவிக்கிறது. குடலிலிருந்து எழும் வேறொரு சுரப்பு, தீனி இறங்குவதையும் தாமதப்படுத்துகிறது. சிக்கிய வைக்கோலோடு எங்கள் கோழி நிறைந்ததுபோல் நின்றதற்கு இவையும் காரணமாகலாம். அன்று இதை யார் அறிவார்?

பண்ணையாரின் வேலைகளைக் கவனிக்கும் காரியக்காரர் வாசலுக்கே வந்தார். கோழியைப் பிடித்துக் கழுத்தைத் தடவினார்.

"பண்ணைக்கு வேலை செய்ய மாட்டீங்க. கோழிய மட்டும் எங்க களத்துல காயுற நெல்லுல மேய விடுவீங்களோ? களவு கேசு குடுக்கவா?"

கோழி யார் தானியத்தைத் தின்றது என்று வழக்கெழுந்தால், நாலு பேர் முன் தீனிப்பையை அறுத்துப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம்.

"அறுத்துப் பாத்துருவோங்க ஐயா," என்றார் அப்பா. "ஒத்த நெல்லு இருந்தாலும் மறியல இப்பவே கலைச்சுடுறோம்."

"முட்டையிடுற கோழிங்க" என்ற அம்மாவின் குரல் எடுபடவில்லை.

அறுத்த தீனிப்பைக்குள் வைக்கோல் திரளும் மண்ணும் இருந்தன. நெல்மணி ஒன்றுகூட இல்லை. நான் அம்மிக்கல் மேல் ஏறி, "உழைக்கும் தெருவைத் திருட்டுத் தெரு என்றவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்!" என்று முழங்கினேன். தெருவே கைதட்டிற்று.

"வக்கீலம்மா வாதாடிட்டாங்கப்பா! தீர்ப்பைச் சொல்லுங்க ஐயா!" என்று அடுத்த வீட்டுச் சித்தப்பா கூவினார்.

காரியக்காரர் கோபப்படவில்லை. விரலால் அந்த வைக்கோலைக் கிளறினார்.

"கோழிக்கே இதுதானா? அப்ப புள்ளைங்கல்லாம் என்னப்பா சாப்பிடுது?"

பதிலுக்குக் காத்திராமல் நடந்தார். மறுநாள் பேச்சுவார்த்தைக்கு வருவதாயிருந்த பண்ணையார் வரவில்லை. அதன்பின் ஆள் அனுப்பவும் இல்லை. பசி பொறுக்காமல் ஒவ்வொரு வீடாக மறியலிலிருந்து எழுந்தது. அறுப்புக்கு எங்களைக் கூப்பிட ஆளில்லை. இயந்திரம் வயலில் இறங்கியது.

கோழி அறுத்த மாலை குழம்பு கொதிக்கையில், என் பேச்சு எப்படி என்று அப்பாவைக் கேட்டேன்.

"நல்லா பேசுன பாப்பா" என்றார், என் முகத்தைப் பாராமல்.

நாங்கள் திருடவில்லை என்பதை ஊர் அறிய மெய்ப்பித்தோம் என்று நான் இறுமாந்திருந்தேன். இன்னும் எவ்வளவு காலம் நாங்கள் தாங்குவோம் என்று அறியத்தான் காரியக்காரர் வந்தார் என்பதும், அதை நாங்களே அறுத்துக் காட்டிவிட்டோம் என்பதும் எனக்கு அன்று விளங்கவில்லை.