மதகை மறைத்த படம்

செந்துறை படிப்பகத்துப் பலகையில் ஊர் விஷயங்களைச் சீட்டில் எழுதிக் குத்தி வாதாடுவோம். சீட்டு அஞ்சலட்டை அளவைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். ஏரி மதகு உடைந்ததா இல்லையா என்று பலகையில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் உரக்கடைக்காரர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பவுடர் பூசிய கழுத்து. பேசும்போதுகூட உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியிருப்பார். ஜன்னல் கதவளவு போட்டோ ஒன்றை விரித்து, எங்கள் சீட்டுகள் அத்தனையையும் மூடிக் குத்தினார். படம் முழுக்க அவரே ஏரிக்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுல மதகு எங்கங்க?" என்றேன்.

"எனக்குப் பின்னால இருக்குங்க. உடையல."

"நாங்க எழுதினதெல்லாம்?"

"அதுவும் பின்னாலதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'ஆளைப் பார்த்தது போதும், மதகைக் காட்டு' என்று ஒரு சீட்டெழுதி, படத்தில் அவர் வாயின் மேலேயே குத்தினேன். அவர் கோபப்படவில்லை. கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டு, உதட்டிலிருந்து ஓர் ஊசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உங்க சீட்டு ஒரு பக்கம் தொங்குது பாருங்க. நல்லா குத்துங்க."

அந்த ஆளை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த ஊசியைக் கைநீட்டி வாங்கிக் குத்தினேனே, அது ஏன் என்றுதான் தெரியவில்லை.