அடிக்கத் தெம்பு

விரலில் மாட்டுகிற அந்த ஆக்சிஜன் கருவியை அத்தா முதல் முறை சுவரில் எறிந்தபோது அம்மா சந்தோஷப்பட்டாள். "எறியத் தெம்பு வந்துட்டுதே, அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

எங்கள் வீட்டில் உடல்நலத்துக்கு அதுதான் அளவு. மட்டாஞ்சேரியில் மிளகாய் மொத்தக் கடை வைத்திருந்த அத்தா, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவை அடித்துவந்தவர். சாயா ஆறினால் அடி, கதவு திறக்கத் தாமதமானால் அடி. காய்ச்சலில் விழுந்தால் மட்டும் கை ஓயும். மறுபடி அடி விழுந்தால், அம்மா கன்னத்தைத் தடவிக்கொண்டே, "சுகமாயிட்டுது" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிமோனியாவில் கிடந்து அவர் வீடு திரும்பியபோது, கருவியில் எண் தொண்ணூற்று நாலுக்குக் கீழே இறங்கினால் உடனே கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். எர்ணாகுளத்தில் தனியாக வீடெடுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், அவரைக் கவனிக்க வந்திருந்தேன். ஒரு காலையில் கருவி எண்பத்து மூன்று காட்டியது. நான் அதை அம்மாவிடம் சொல்வதற்குள் சாயா கிளாஸ் அவள் நெற்றியில் வந்து மோதியது. புருவத்தில் ரத்தம் வழிய அம்மா சொன்னாள்: "மெஷின் கேடாயிருக்கு மோளே. எறிஞ்சு எறிஞ்சு கேடாக்கிட்டாரு. ஆளு நல்லாத்தான இருக்காரு, பாரு."

என் விரலில் மாட்டினேன். தொண்ணூற்றெட்டு. மறுபடி அவர் விரலைப் பிடித்தேன். என் முடியைப் பிடித்துத் தலையைக் கட்டில் கம்பியில் மோதினார். நான் விடவில்லை. எண்பத்தொன்று. உதடு நீலம் பாரித்திருந்தது.

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரச் சேட்டனும் நானும் அவரை இழுத்தோம். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உதைத்தார். விரல்களைப் பிரித்துப் பார்த்தேன், முடியவில்லை. அவர் முழங்கையில் ஓங்கி ஒரு போடு போட்டேன், பிடி விட்டது. சத்தியமாக, ஆத்திரத்தில்தான் போட்டேன். ஆட்டோவில் என் தோளைக் கடித்தவர், பாலம் தாண்டும்வரை பல்லை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த கொஞ்ச நேரத்தில் முஷ்டி தளர்ந்தது. அம்மாவைப் பார்த்து, "நெத்தில என்ன காயம்?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

டாக்டர் மலையாளத்தில் விளக்கினார். ஆக்சிஜன் குறைந்தால் மூளை குழம்புமாம், எதிரில் இருப்பது யாரென்று தெரியாமலே அடிப்பார்களாம், மனதில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப டாக்டரே, கல்யாணமான நாள்லேர்ந்தே இவருக்கு ஆக்சிஜன் குறைவா இருந்திருக்குமோ?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தக் கருவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அத்தா தேறினார், கடைக்குப் போகத் தொடங்கினார்; நான் எர்ணாகுளம் திரும்பினேன். ஒரு விடுமுறை நாளில் நான் அங்கே போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டில் மீன் குழம்புக்கு உப்பு கூடிவிட்டதென்று, சோற்றுக் கையாலேயே அம்மாவை அறைந்தார். கன்னமெல்லாம் குழம்பு. அம்மா அழவில்லை. முடிச்சை அவிழ்த்து, அவர் விரலைத் துடைத்து, கருவியை மாட்டினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கையை இழுக்கவில்லை. எண் தெரிகிறவரை அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொண்ணூற்றெட்டு.

அதைக் கழற்றி அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். முகத்தைக் கழுவி, பர்தாவை மாட்டிக்கொண்டு வந்து என்னிடம் கேட்டாள்.

"உன் வீட்டுல நம்ம ரெண்டு பேரும் படுக்க இடமிருக்குமா?"