இரண்டு பெயரில் ஒரு 'வரேன்'

டிரேட் மார்க் பதிந்து கொடுக்கும் வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள் நான். எனக்குப் பொறுமை குறைவு என்று வக்கீலே சொல்வார். இருக்கிற கொஞ்சத்தையும் சோதித்தவர் பைக்காரர்.

பயணப் பை தைக்கிறவர். ஒரே அறை, இரண்டு தையல் மிஷின். ஒன்றில் அவர் தைப்பார். மற்றது மனைவியுடையது, எப்போதும் உறை போட்டு மூடியிருக்கும். ஆனாலும் வாராவாரம் அதற்கு எண்ணெய் விடுவார். "ஓடாத மிஷினுக்கு எதுக்குண்ணே எண்ணெய்?" என்று ஒருமுறை கேட்டேன். "துருப் பிடிச்சிடும்மா" என்றார். என்னத்தைச் சொல்ல?

பைக்குப் பெயர் 'வரேன்'. பதினோரு வருஷத்துக்கு முன் பெயரைச் சொல்லுங்கள் என்று நாங்கள் நெருக்கியபோது, மனிதர் ஒன்றும் தோன்றாமல் வீட்டில் உட்கார்ந்து திருதிருவென்று விழித்தாராம். கடைக்குக் கிளம்பிய மனைவி வாசலில் நின்று "வரேன்" என்றாராம். அதையே எழுதிக் கொண்டுவந்துவிட்டார். உரிமையாளர்கள் இருவர்: அவரும் அண்ணியும்.

அந்த அண்ணிதான் தங்கை பிரசவத்துக்கென்று மூன்று மாதம் வெளிநாடு போனார். ஏழு வருஷம் ஆகிறது. சண்டையில்லை, சச்சரவில்லை. அங்கே வேலை கிடைத்தது, இருந்துவிட்டார். மாதம் ஒருமுறை போனில் "சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். அடித்துக்கொண்டு பிரிந்திருந்தால் நாலு பேர் ஆறுதலாவது சொல்லியிருப்பார்கள். இவருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

இப்போது நாலு நாட்டில் பை கேட்கிறார்கள். அங்கே வேறு எவனாவது அந்தப் பெயரைப் பதிவதற்குள் நாம் முந்த வேண்டும். இங்குள்ள பதிவை வைத்தே ஒரே விண்ணப்பத்தில் நாலு நாட்டுக்கும் கேட்கலாம். ஆனால் இங்கே யார் யார் பெயரில் இருக்கிறதோ, அவர்கள்தான் கேட்க வேண்டும்.

"அண்ணி தன் பங்கை உங்க பேருக்கு எழுதிக் குடுத்துட்டா, உங்க ஒரு கையெழுத்துல முடிஞ்சிடும்ணே."

"வேணாம்மா. ரெண்டு பேர் பேர்லயே போகட்டும்."

"எதுக்குண்ணே இந்த அலைச்சல்?"

"நாளைக்கு வந்து நின்னா, என் பேரு எங்கன்னு கேக்க மாட்டாளா?"

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இரண்டு பேர் பெயரிலேயே விண்ணப்பத்தை அடிக்க ஆரம்பித்தேன்.

சொல்லின் பொருள் என்ற கட்டத்தில் 'நான் வருகிறேன்' என்று அடித்தேன். எட்டிப் பார்த்தார். "அது கெளம்புறப்ப சொல்றதும்மா."

"அப்ப 'போறேன்'னு போடட்டுமா?"

"ஐயய்யோ, வேணாம்!" என்று பதறினார். வக்கீல் அறைக்குள்ளிருந்து சிரித்துவிட்டு, 'வருகிறேன்' போதும் என்றார்.

இன்னொரு விதியும் இருந்தது. கேட்கிற ஒவ்வொருவருக்கும் இந்த நாட்டில் குடியுரிமையோ வீடோ தொழிலோ இருக்க வேண்டும். அண்ணி இருப்பது அங்கே, கடை இவர் பெயரில். மிச்சம் குடியுரிமைதான். "அது எங்கம்மா போயிடப் போகுது?" என்றார்.

படிவத்தை அண்ணிக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். போன் பண்ணியதும் பைக்காரர் சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டையில் வந்தார். பிரிண்ட் எடுத்து நேராக அவர் கையில் கொடுத்தேன். முதலில் நான் படித்திருக்க வேண்டும். புத்தி கெட்டவள்.

குடியுரிமைக் கட்டத்தில், குண்டு குண்டு எழுத்தில், அண்ணி இருக்கும் அந்த நாட்டின் பெயர் இருந்தது.

"இருக்கிற நாடுன்னு நெனச்சு மாத்தி எழுதிட்டாளோ?"

"அதுக்குத் தனிக் கட்டம் இருக்குண்ணே. அதையும் எழுதியிருக்காங்க."

தலையாட்டினார். அவர்மேல் அத்தனை நாள் பட்ட எரிச்சலை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அவ பங்கை எழுதிக் குடுக்கிற அந்தப் பேப்பரை அடிச்சிடும்மா" என்றார்.

அடித்துக் கொடுத்தேன். அதை வாங்கியவர், அண்ணி அனுப்பிய படிவத்தை மட்டும் கீழே வைக்கவில்லை. முன்னும் பின்னும் புரட்டினார்.

"எப்ப மாறினாள்னு இதுல போட்டிருக்காம்மா?"

"இல்லண்ணே. அதுக்குக் கட்டம் கெடையாது."